அறிந்த மொழிகள்

பாத்திரத் தாளின் கீழ்மூலையில் ஒரு பெட்டி:
அறிந்த மொழிகள்.
என் குள்ளன் தும்பனுக்கு இரண்டுதான்.
ஊர்ப்பொதுமொழி, சுரங்கமொழி.
பின்னது மெய்யெழுத்து மட்டுமே உள்ளது,
சுத்தியல் சத்தத்துக்கு மேலே கத்துவதற்கென்று
நானே கற்பித்துக்கொண்டேன்.
சோங் ஹாவின் திருடிக்கு ஏழு.
ஏழா, என்றான் ஹைக்கல்.
துறைமுகத்தில் பிறந்தவள், என்றான் சோங் ஹாவ்.
அங்கே வாய் சும்மா இருக்காது.

பென்டமியர் சாலை, புளோக்கின் கீழ்த்தளம்.
சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசையில்
எங்கள் வரைபடம் பாதி, கோப்பிப் பொட்டலங்கள் பாதி.
பத்தரைக்கு மேல் சத்தம் கூடாதென்று
தூண் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

கதை நடத்துபவள் ரைஹானா.
மூன்று வெள்ளிக்கிழமைகளாகப் பல்லிமனிதர்களுக்கு
ஸ்ஸ் என்றும் க்ர்ர் என்றும் பேசித்
தொண்டை கட்டிவிட்டது அவளுக்கு.
இன்றிலிருந்து பல்லிமொழி தமிழ், என்றாள்.
தெரிந்த பாத்திரத்துக்கு ஆங்கிலத்தில் துண்டுச்சீட்டு வரும்.
தெரியாதவர்கள் தெரியாதவர்களாகவே இருங்கள்.
இந்தக் கடைசி வரியை
என்னைப் பார்த்துச் சொன்னாள்.

தெரியாத முகம் எனக்கு நன்றாகவே வரும்.
அலுவலக மதிய உணவில்
மாண்டரின் நகைச்சுவை முடிகிற இடத்தில்
சிரிப்பதா வேண்டாமா என்று
அரைவாயில் நிற்குமே, அந்த முகம்.
தமிழுக்கு அதை அணிந்ததில்லை, அன்றுவரை.
கன்னம் ஒத்துழைத்தது. புருவமும்.
காதை எங்கே கழற்றி வைப்பது?

பாதாள வாய்க்காலின் வாசல்.
பல்லிக் காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.
'தண்ணி ஏறிக்கிட்டு வருது. எறங்காதீங்கப்பா.'

சீட்டு போனது.
அதில் அந்த 'ப்பா' இருந்திருக்காது.

சோங் ஹாவ் வாசித்தான். நான்காக மடித்தான்.
கோப்பியை அடிவரை உறிஞ்சினான்.
வாங்கன்னு சொல்றான், என்றான். கீழே பொன் இருக்காம்.

என் கண்ணைப் பார்த்தே சொன்னான்.
திருடி பொய் சொல்லலாம், அது விதி.
எனக்குத் தெரியுமென்று அவனுக்குத் தெரியும்.
தும்பனுக்குத் தெரியாதென்று
எங்கள் இருவருக்கும் தெரியும்.

நீ என்ன நினைக்கிறாய், என்றான் ஹைக்கல்.
அவன் பூசாரி என்னை மூன்று முறை உயிர்ப்பித்தவன்.
ஏதோ என் முகத்தில் கசிந்திருக்க வேண்டும்.

அவன் கைச்சாடையாவது தும்பனுக்குப் புரியுமா?
பன்னிரண்டுக்கு மேல் வந்தால், என்றாள் ரைஹானா.
இருபது முகப் பகடை
குதிரைக் கட்டத்திலிருந்து ராணிக் கட்டத்துக்கு உருண்டு
நான்கு என்றது.

ஈட்டியைக் குறுக்கே நீட்டுவது
இவ்வூர் வரவேற்பு போலும், என்று
தும்பன் முடிவு செய்தான்.
போகலாம், என்றேன், பொதுமொழியில்.
பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால்
சற்றே குள்ளன் குரலாகவே வந்தது.

மற்றவர்களுக்கு இடுப்பளவு வெள்ளம்.
தும்பனுக்குத் தலைக்கு மேல்.
சாண் என்ன முழம் என்ன என்று
ஆறுதல் கொள்ள
அவனுக்கு அந்த மொழி தெரியாது.
சுரங்கமொழியில் கத்தினான்.
மெய்யெழுத்துகள் மூழ்கிவிட்டன.
அவற்றின் புள்ளிகள் மட்டும்
குமிழிகளாக மேலே வந்தன.

ஹைக்கல் வெகுநேரம் பேசவில்லை.
உனக்குத் தெரியும்தானே, என்றான் கடைசியில்.
எனக்கு, என்றேன். அவனுக்கு இல்லை.
இதை நியாயம் என்று ரைஹானா குறித்துக்கொண்டாள்.
எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை.

மழை விட்டிருந்தது.
காலாங் ஆற்றோரமாக ரயிலுக்கு நடந்தோம்,
நானும் என்னைக் கொன்றவனும்.
கரையில் நான்குமொழிப் பலகை.
தன் இரண்டு வரிகளை வாசித்து முடித்துத்
தமிழ் வரியில் விரல் வைத்தான்.
இது என்ன சொல்கிறது?

'எறங்குங்கப்பா,' என்றேன்.
'கீழே பொன் இருக்கு.'

சீட்டுக்காகக் கையை நீட்டினான்.